காட்டுக்குப் போனவர்

ராசிபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கும் நண்பரைப் பார்க்க ஒரு நாள் காலையில் போயிருந்தேன். திண்ணையில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார், "வாங்க, உக்காருங்க. பையன் காட்டுக்குப் போயிருக்கானுங்க. வெயில் ஏறுனா வந்துருவான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காவேரிக் கரையில் வளர்ந்த எனக்குக் காடு என்றால் புலியும் கரடியும்தான். போதாக்குறைக்குக் கிழக்கே கொல்லிமலை வேறு கறுப்பாகத் தெரிந்தது. அரை மணி கழித்து நண்பர் மண்வெட்டியும் கையுமாக வந்து சேர்ந்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று. சேலம், நாமக்கல் சீமையில் வானம் பார்த்த புஞ்சை நிலத்துக்குக் 'காடு' என்று பெயர். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் 'தோட்டம்'. பூச்செடியைத் தேடிக்கொண்டு போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்!

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவனுக்கே இந்தக் கதி என்றால், கடல் கடந்து வந்து இதே நிலத்தை அளந்து வரி போட்ட வெள்ளைக்காரன் பாடு எப்படி இருந்திருக்கும்?

1792-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். பாராமகாலும், அதற்குத் தெற்கே சேலம், நாமக்கல் சமவெளியும் கும்பினியார் வசமாயின. நிலம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை நிர்வகிக்க யாரை அனுப்புவது? சென்னைப் பட்டணத்துச் சிவில் உத்தியோகஸ்தர்களில் தேசபாஷை தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குடியானவன் சொல்வதைத் துபாஷிதான் துரைக்குச் சொல்வான். துரை சொல்வதையும் துபாஷிதான் குடியானவனுக்குச் சொல்வான். நடுவில் நிற்கும் அந்த மனிதன் எதைக் கூட்டினான், எதைக் குறைத்தான் என்பது இருவருக்கும் தெரியாது. சீமையை ஆண்டது துரை அல்ல, துரையின் காது. அந்தக் காதோ வாடகைக் காது.

ஆகவே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு வழக்கத்தை மீறி, பாஷை அறிந்த ராணுவ அதிகாரிகளையே அனுப்பினார். தலைவர் அலெக்ஸாந்தர் ரீட். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1780-ல் சாதாரணப் படைப் பயிற்சியாளராகச் சென்னையில் வந்து இறங்கியவர் மன்றோ. முன்ஷி வைத்துப் பாரசீகம் கற்றவர். ஷேக்ஸ்பியரின் ஷைலக் கதையை ஒத்த ஒரு கதையைப் பாரசீகச் சுவடியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தவர். படிக்கவும் எழுதவும் அவருக்குத் தெரியும். ஆனால் ஊர்ச் சாவடியிலே பாரசீகச் சுவடிக்கு என்ன வேலை? அங்கே வேண்டியது கேட்கத் தெரிந்த காது.

ஒரு சொல்லின் விலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். நஞ்சைக்கு ஒரு வரி, புஞ்சைக்கு ஒரு வரி, கிணறு வெட்டிப் பயிரிட்ட தோட்டத்துக்கு வேறு ஒரு வரி. ஏட்டுத் தமிழ் படித்தவன் 'காடு' என்பதை வனம் என்றும், 'தோட்டம்' என்பதை நந்தவனம் என்றும் எழுதிக்கொண்டால் ஒரு குடும்பத்தின் கஞ்சிக் கலயமே கவிழ்ந்துபோகும்.

ரீட்டும் மன்றோவும் தர்மம் செய்ய வந்தவர்கள் அல்லர், வரி வாங்க வந்தவர்கள்தாம். ஆனால் குடியானவனோடு நேருக்கு நேர் கணக்குப் பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. குடியானவனின் பேச்சு விளங்காதவனுக்கு அந்த முறை தோன்றியே இராது. பிற்பாடு கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் கலெக்டராக இருந்தபோது, 1807-ல், வரியை 100-க்கு 25 குறைக்க வேண்டும், கிணற்று நிலத்துக்கு மேலும் 8 குறைக்க வேண்டும் என்று மன்றோ எழுதினார். அப்போது மேலிடம் செவி சாய்க்கவில்லை. 1820-ல் தாமே சென்னைக் கவர்னராக வந்த பிறகுதான் வரியைக் குறைக்க அவரால் முடிந்தது.

இதற்கிடையில், 1812-ல், எல்லிஸ் துரையின் முயற்சியால் சென்னையில் கோட்டைக் கல்லூரி தோன்றியது. சீமையிலிருந்து வரும் இளம் உத்தியோகஸ்தர்கள் தமிழ், தெலுங்கு முதலிய பாஷைகளைத் தமிழ்ப் புலவர்களிடமும் தெலுங்குப் பண்டிதர்களிடமும் அங்கே கற்றார்கள். மறு ஆண்டே அந்தக் கல்லூரி அச்சிட்ட நூல்களில் ஒன்று வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம், அதாவது பேச்சுத் தமிழின் இலக்கணம். இத்தாலியில் பிறந்த அந்த முனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித் தனியே எழுதியிருந்தார். ஒரு பாஷைக்கு ஏட்டிலே ஒரு வாழ்வும் வாயிலே ஒரு வாழ்வும் உண்டு என்பதை அயலாரான அவர் கண்டுகொண்டார். 1854-ல் அந்தக் கல்லூரி மூடப்பட்டது.

இப்போது சக்கரம் திரும்பிவிட்டது. நாமக்கல் வட்டாரம் சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து 1997-ல் தனி ஜில்லா ஆயிற்று. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருக்கிறது. அன்று வெள்ளைக்காரன் தமிழுக்குத் தவித்தான். இன்று குடியானவன் வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்துக்குத் தவிக்கிறது. என் நண்பரின் மகளும் அப்படித்தான். பரீட்சையில் நல்ல மார்க்கு. ஆங்கிலக் கட்டுரையை மனப்பாடமாக எழுதுவாள். ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டபோது, வாயைத் திறக்காமல் தாவணி முனையைத் திருகிக்கொண்டு நின்றாள். அவள் மக்கு அல்ல. எழுதும் கையைப் பழக்கியவர்கள் அவள் காதைப் பழக்க மறந்துவிட்டார்கள்.

தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஓர் ஆண்டு வெறுமனே கேட்கிறது. பிறகு மழலை பேசுகிறது. அதற்கும் பிறகுதான் அரிசியில் 'அ' எழுதுகிறோம். தாய்மொழிக்கு நாம் செய்கிற இந்த மரியாதையை இரண்டாம் மொழிக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? கேட்காத மொழியைப் பேச முடியாது. பேச அஞ்சுகிறவனுக்கு எப்போதும் ஒரு துபாஷி தேவைப்படுகிறான். துபாஷி கேட்கிற கூலியைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

அன்று விடைபெறும்போது நண்பரின் தாயாரிடம், "அம்மா, இனிமேல் காடு என்றால் பயப்பட மாட்டேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கை நிலக்கடலையை என் பையில் போட்டார்.

"இன்னும் ரெண்டு தடவ வந்து போங்க. எங்க பேச்சு உங்களுக்குத் தானா வந்துரும்!"