தீர்ப்புக் காகிதம் எங்கே இருக்கு?



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும்னு சொன்னாங்க. கடன் வாங்கி தொழில் செஞ்ச கதைய நிறைய பேர் எழுதுவாங்க. நான் வேற ஒரு விஷயம் எழுதுறேன். விவாகரத்து ஆன பெண்களோட காகிதம் எங்கே இருக்கு, அத எப்படி கேட்டு வாங்கறது, அந்தக் காகிதத்துக்குப் பின்னாடி என்ன வரலாறு இருக்குன்னு எழுதுறேன். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். எங்க குழுவில் ஒரு அக்காவுக்காக அலைஞ்சப்போ கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதுதான் இதெல்லாம்.

அந்த அக்கா எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்காங்க. மீன் விக்கிறாங்க. கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டார். பிறகு அவரே கோர்ட்டில் வழக்கு போட்டார். அக்கா ஒரு வாய்தாவுக்குப் போனாங்க. கைக்குழந்தை, கையில் காசு இல்ல, அடுத்த வாய்தாவுக்குப் போகல. விவாகரத்து ஆயிடுச்சுன்னு யாரோ வந்து சொன்னதோட சரி. இருபது வருஷம் ஓடிப்போச்சு. கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகைக்கு மனு கொடுக்கப் போனப்ப, "கோர்ட்டு காகிதம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. அக்காகிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல.

இந்த உதவித்தொகை நம்ம தமிழ்நாட்டில் 1986-ல் வந்தது. சட்டப்படி விவாகரத்து ஆனவங்களுக்கும், ஐந்து வருஷத்துக்குக் குறையாம புருஷன் கைவிட்டவங்களுக்கும் உண்டு. 30 வயசு ஆகியிருக்கணும், ஆதரவு இல்லாதவங்களா இருக்கணும். விட்டுட்டுப் போனதுக்கு சாட்சி சொல்ல ஆள் வேணும். விவாகரத்துக்கு அந்தக் காகிதமே சாட்சி. பாஸ்போர்ட், மறுமணம், பிள்ளைகளோட சான்றிதழ், சொத்துப் பாகம்னு எங்க போனாலும் அதைத்தான் கேக்குறாங்க.

முன்னாடி காலத்துல இந்தக் காகிதமே கிடையாது. நம்ம மக்கள்ல பல சாதிகள்ல ஊர்ப் பஞ்சாயத்து கூடி தீர்த்துவிடுற வழக்கம் இருந்தது. வெத்தலை பாக்கு வெச்சு, போட்ட நகையைத் திருப்பிக் கொடுத்து, பத்து பேர் முன்னாடி பேசி முடிப்பாங்க. அந்த வழக்கம் இல்லாத சாதிப் பெண்களுக்கு விடுதலையே கிடையாது. புருஷன் இன்னொருத்தியக் கட்டிக்கலாம், இவ காலம் பூரா அவன் பேரைச் சுமக்கணும்.

1929-ல் செங்கல்பட்டில் பெரியார் நடத்திய சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கு விவாகரத்து உரிமையும் சொத்துரிமையும் வேணும்னு தீர்மானம் போட்டாங்க. நம்ம திருவொற்றியூரும் அப்ப செங்கல்பட்டு ஜில்லாவோட சேர்ந்ததுதான். இருபது வருஷம் கழிச்சு 1949-ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. இந்து ஆண் ரெண்டாவது கல்யாணம் செய்யறதைத் தடுத்து, கோர்ட்டு மூலமா விவாகரத்துக்கும் வழி செஞ்ச சட்டம் அது. அதுக்கப்புறம் நாடு முழுசுக்கும் 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. 1976-ல் அதைத் திருத்தினாங்க. கொடுமைப்படுத்துறதும் கைவிட்டுப் போறதும் விவாகரத்துக்கே காரணம் ஆச்சு. அதுவரைக்கும் அதுக்கெல்லாம் தனியா வாழ அனுமதி மட்டும்தான் கிடைக்கும். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியற முறையும் அந்த வருஷம்தான் சேர்ந்தது.

ராயபுரம் பக்கம் கிறிஸ்தவ சகோதரிகள் நிறைய. அவங்களுக்கு 1869-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். இங்கிலாந்தில் 1857-ல் போட்ட சட்டத்தைப் பார்த்து எழுதினது. பொண்டாட்டி தப்பு செஞ்சான்னு புருஷன் நிரூபிச்சா அவனுக்கு விவாகரத்து உண்டு. பொண்டாட்டி கேட்டா, அவன் தப்பு செஞ்சதோட கொடுமையும் செஞ்சான், இல்ல விட்டுட்டுப் போனான்னு சேர்த்து நிரூபிக்கணும். இங்கிலாந்தில் இந்த ஓரவஞ்சனையை 1923-லேயே எடுத்துட்டாங்க. இங்க 2001-ல்தான் எடுத்தாங்க. கணக்குப் போட்டா 78 வருஷம். 2001 வரைக்கும் ஜில்லா கோர்ட்டு கொடுத்த தீர்ப்பை ஐகோர்ட் உறுதி செஞ்சாத்தான் செல்லும். அதனால பழைய கிறிஸ்தவ வழக்குன்னா ஐகோர்ட்டிலும் தேடணும். சர்ச்சில் கல்யாணம் செல்லாதுன்னு எழுதிக் கொடுத்தா அது சர்ச்சுக்குள்ள மட்டும்தான். சட்டத்துக்கு அது விவாகரத்து ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2017-ல் திரும்பவும் சொல்லியிருக்கு.

முஸ்லிம் சகோதரிகளுக்கு 1939-ல் ஒரு சட்டம் வந்தது. என்னென்ன காரணத்துக்குப் பெண் கோர்ட்டில் விவாகரத்து கேக்கலாம்னு அதில் இருக்கு. குலா மூலமா பிரிய நினைக்கிற பெண் குடும்ப நல கோர்ட்டுக்குப் போகணும், ஜமாத்து மாதிரி தனியார் அமைப்பு தர்ற சான்றிதழ் செல்லாதுன்னு நம்ம ஐகோர்ட் 2023-ல் சொன்னது.

இருபது ரூபாய் பத்திரத்தில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை குத்தி வெச்சிருக்கிறவங்க நம்ம குழுக்கள்ல இன்னும் இருக்காங்க. அது மட்டும் விவாகரத்து ஆகாது. சாதி வழக்கப்படி தீர்த்துவிட்டதை 1955 சட்டம் ஒப்புக்கொள்ளுது. ஆனா அப்படி ஒரு வழக்கம் நம்ம சாதியில் காலங்காலமா இருந்ததுன்னு நாமதான் கோர்ட்டில் நிரூபிக்கணும்.

இப்ப அக்கா கதைக்கு வர்றேன். முதல் கேள்வி, எந்தக் கோர்ட்டுன்னு. அக்காவுக்கு ஞாபகம் இல்ல. "பெரிய வேப்பமரம் இருந்துச்சு, பஸ்ல ரொம்ப நேரம் போனோம்"னு மட்டும் சொன்னாங்க.

இங்கதான் நம்ம ஊர் வரலாறு உதவிச்சு. திருவொற்றியூர், எண்ணூர் பகுதியெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் தனியாப் பிரிஞ்சப்ப அதுக்குள்ள போச்சு. 2011-ல் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அப்பவும் மாவட்டம் திருவள்ளூர்தான். 2018-ல்தான் சென்னை மாவட்டம் ஆச்சு. வீடு நகரவே இல்ல, மாவட்டம் ரெண்டு தடவை மாறிடுச்சு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைக்காரங்களுக்கு இந்தக் குழப்பம் இல்ல. அவங்க எப்பவும் சென்னை. அவங்க காகிதம் சிட்டி சிவில் கோர்ட்டிலோ, குடும்ப நல கோர்ட்டிலோ இருக்கும். குடும்ப நல கோர்ட்டுக்கான சட்டம் 1984-ல் வந்தது. அதுக்கு முந்தின வழக்குன்னா பழைய கோர்ட்டில் தேடணும். நம்ம பக்கத்துக்காரங்க பொன்னேரி, திருவள்ளூர், செங்கல்பட்டுன்னு வருஷத்தைப் பார்த்துத் தேடணும்.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். வழக்கை ஒரே இடத்துலதான் போடணும்னு இல்ல. கல்யாணம் நடந்த ஊர், எதிராளி குடியிருக்கிற ஊர், ரெண்டு பேரும் கடைசியா சேர்ந்து வாழ்ந்த ஊர், இதுல எந்தக் கோர்ட்டிலும் போடலாம். 2003-ல் இருந்து பொண்டாட்டி வழக்கு போட்டா, அவ குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். அதனால இந்த ஊர்ப் பேரையெல்லாம் முதல்ல ஒரு தாளில் எழுதி வெச்சுக்கணும். அக்காவுக்கு அப்படி எழுதினப்ப மூணு ஊர் வந்தது.

பொறந்ததுக்கும் இறந்ததுக்கும் மாநகராட்சியில் பதிவு இருக்கு. கல்யாணத்துக்கு ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிவு இருக்கு. தமிழ்நாட்டில் 2009-ல் இருந்து அது கட்டாயம். விவாகரத்துக்கு அப்படி ஒரு பொதுப் பதிவேடு கிடையாது. எந்தக் கோர்ட்டு தீர்ப்பு சொன்னதோ அங்கதான் கட்டு இருக்கும். அமெரிக்காவிலும் பல ஊர்ல இப்படித்தானாம், கவுன்டி கோர்ட்டு குமாஸ்தாகிட்ட போய்க் கேட்டு வாங்கணுமாம்.

வழக்கு நம்பர் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. சப் கோர்ட்டில் எச்.எம்.ஓ.பி. நம்பர், சென்னை குடும்ப நல கோர்ட்டில் ஓ.பி. நம்பர், வருஷத்தோட இருக்கும். பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ், வக்கீல் கொடுத்த ரசீது எதுலயாவது அது எழுதியிருக்கும். அரிசி டிரம், டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னாடின்னு எல்லாத்தையும் தேடிப் பாருங்க. எதுவும் இல்லேன்னா இ-கோர்ட்ஸ் வெப்சைட்டில் கோர்ட்டு, வருஷம், புருஷன் பொண்டாட்டி பேர் போட்டுத் தேடலாம். பேரை இங்கிலீஷில் நாலு விதமா எழுதுவாங்க, நாலையும் போட்டுப் பார்க்கணும். ரொம்பப் பழைய வழக்கு அதுல இல்லாமலும் போகலாம். அக்காவோடது அதுல வரல.

அப்புறம் இலவச சட்ட உதவிக்குப் போனோம். 1987-ல் போட்ட சட்டம் அது, 1995-ல் நடைமுறைக்கு வந்தது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டுன்னு அதுலயே எழுதியிருக்கு. 15100-க்கு போன் செஞ்சும் கேக்கலாம். சென்னைக்காரங்க ஐகோர்ட் வளாகத்துக்கே போகலாம். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினா ஐகோர்ட் ஸ்டேஷன்லயே இறங்கிக்கலாம்.

எங்களுக்குக் கொடுத்த வக்கீலம்மா பொறுமையா கேட்டாங்க. கல்யாணம் ஆன வருஷம், பையன் பொறந்த வருஷம், புருஷன் போன வருஷம்னு கேட்டுக் கேட்டு, வழக்கு இந்த ரெண்டு வருஷத்துக்குள்ளதான்னு முடிவு பண்ணாங்க. கோர்ட்டில் வழக்குகளைப் பதியற பெரிய நோட்டு இருக்கு. நம்ம குழு நடவடிக்கை புத்தகம் மாதிரிதான், நம்பர் வரிசையா எழுதியிருக்கும். மனு கொடுத்து அதுல தேட வெச்சாங்க. மூணாவது தடவை போனப்பதான் பேர் கிடைச்சது. ஒரு ஜன்னலில் இருந்தவர், "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா இது?"ன்னு கேட்டார். அக்கா பதில் சொல்லல, மனுவ மட்டும் நீட்டினாங்க.

நம்பர் கிடைச்சதும் நகல் மனு போடணும். வழக்கு நம்பர், வருஷம், ரெண்டு பேர் பெயர், என்ன காகிதம் வேணும்னு எழுதி, கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டித் தரணும். தீர்ப்பு வேற, டிகிரி வேற. தீர்ப்பில் ஏன் இப்படி முடிவு செஞ்சோம்னு ஜட்ஜ் எழுதியிருப்பார். டிகிரியில் கல்யாணம் இந்தத் தேதியில் முறிஞ்சதுன்னு முடிவு மட்டும் இருக்கும். ரெண்டையும் கேளுங்க. நகல் எடுக்க எத்தனை ஸ்டாம்ப் தாள் வேணும்னு நோட்டீஸ் போர்டில் போடுவாங்க. அதைப் பார்த்து நாளுக்குள்ள வாங்கிக் கட்டலேன்னா மனு தள்ளுபடி ஆயிடும். அதனால அடிக்கடி போய்ப் பார்க்கணும். கைக்கு வர்ற நகலில் சீல் இருக்கும். மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டின தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் எழுதியிருக்கும். ஜெராக்ஸ் செல்லாது, இந்த சீல் வெச்ச நகல்தான் செல்லும்.

இதைவிட முக்கியமா ஒண்ணு. இந்து திருமணச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கு. விவாகரத்து கொடுத்த கோர்ட்டு, அந்த டிகிரியோட நகல் ஒண்ணை ரெண்டு பேருக்கும் இலவசமா தரணும்னு அதுல இருக்கு. நம்மள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? இப்ப வழக்கு நடந்துக்கிட்டிருக்கிற சகோதரிகள், முடியற அன்னிக்கே வக்கீல்கிட்ட இதைக் கேளுங்க. நமக்குப் பாதுகாப்பும் இருக்கு. இந்த வழக்கு விவரங்களை வெளியில் அச்சடிச்சுப் போடக்கூடாதுன்னு 22-ஆம் பிரிவு சொல்லுது.

ரொம்ப நாள் தள்ளியும் போடாதீங்க. பழைய கட்டுகள்ல இருக்கிற சில காகிதங்களைக் காலம் முடிஞ்சா அழிக்கறதுக்கு 1917-லேயே சட்டம் இருக்கு.

அக்காவுக்கு நகல் வந்த அன்னிக்கு கோர்ட்டு வாசலில் டீக்கடையில் உக்காந்து நான்தான் படிச்சுக் காட்டினேன். அக்கா வராததால எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பு சொல்லியிருந்தாங்க. அக்கா மேல புருஷன் சொன்ன குறைகளும் அதுல இருந்தது. அதை நான் படிச்சப்ப அக்கா தலைகுனியல. "இவ்வளவு பொய்யா சொன்னான்?"னு மட்டும் கேட்டாங்க. ஜீவனாம்சம் பத்தி தீர்ப்பில் ஒரு வரி கூட இல்ல. வக்கீலம்மா சொன்னாங்க, 25-ஆம் பிரிவுப்படி தீர்ப்புக்கு அப்புறமும் ஜீவனாம்சம் கேக்கலாம், மறுமணம் செய்யாத வரைக்கும் உரிமை இருக்குன்னு. உதவித்தொகை மனுவோட அந்த நகலையும் சேர்த்துக் கொடுத்திருக்கோம். ஜீவனாம்ச மனுவும் தயாராகுது. இருபது வருஷமா வாழாவெட்டின்னு பேர் கேட்டவங்களுக்கு, தன்னோட கதை எந்த நம்பரில் எந்தத் தேதியில் எழுதியிருக்குன்னு இப்பத் தெரியும்.

சகோதரிகளே, நாம சேமிப்பு புத்தகத்தை எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்! கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று, கோர்ட்டு சம்மன், டிகிரி எல்லாத்தையும் அதே மாதிரி வெச்சுக்கணும். வழக்கு இருக்கிற உறுப்பினர்கள் விருப்பப்பட்டா, கோர்ட்டு பேர், நம்பர், வருஷம் மூணையும் ஒரு சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, குழுப் பெட்டியில் வைக்கலாம். படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் படிக்கத் தெரியாத ஒருத்தரோட கோர்ட்டுக்குத் துணையா போகணும்னு அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடலாம்னு கேட்டுக்கொள்கிறேன்.