சேராத பதில்: இரு ரஷ்யப் பெண் கவிஞர்கள்

20ஆம் நூற்றாண்டின் ரஷ்யக் கவிதையில் அன்னா அக்மதோவா, மரீனா ஸ்வெட்டாயெவா ஆகிய இருவரின் பெயர்களும் சேர்த்தே சொல்லப்படுகின்றன. அக்மதோவா 1889இல் ஒடெசா அருகே பிறந்தவர். ஸ்வெட்டாயெவா 1892இல் மொஸ்கோவில் பிறந்தவர். ஆனால் இவர்கள் நேரில் சந்தித்தது வாழ்நாளில் இரண்டே நாட்கள்தான். அதுவரை அவர்களை இணைத்தவை கவிதைகளும் கடிதங்களுமே.

உறவைத் தொடங்கியவர் ஸ்வெட்டாயெவா. அக்மதோவாவைக் காணாமலேயே, 1916இல் அவரை முன்னிறுத்தி ஒரு கவிதைத் தொடரை எழுதினார். 1921இல் கடிதங்களும் எழுதினார். அவ்வாண்டு ஓகஸ்டில் கவிஞர் பிளொக் இறந்தார். அக்மதோவாவின் முன்னாள் கணவரான கவிஞர் குமிலியோவ் சுட்டுக்கொல்லப்பட்டார். அக்மதோவாவும் இறந்துவிட்டதாக மொஸ்கோவில் வதந்தி பரவியது. அது பொய்யென அறிந்ததும் ஸ்வெட்டாயெவா அவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தச் செய்தியால் மாயகோவ்ஸ்கி அடைந்த துயரத்தையும் குறிப்பிட்டார்.

அக்மதோவாவின் பதில்கள் அரிதாகவும் சுருக்கமாகவுமே இருந்தன. 1922இல் ஸ்வெட்டாயெவா நாட்டைவிட்டு வெளியேறினார். பெர்லின், பிராக், பாரிஸ் எனப் புலம்பெயர் வாழ்வு நீண்டது. 1939இல் அவர் திரும்பியபோது ஸ்டாலினின் ஒடுக்குமுறை காத்திருந்தது. சில மாதங்களில் மகளும் கணவரும் கைதாகினர். அக்மதோவாவின் மகன் 1938இலேயே சிறைப்பட்டிருந்தார்.

1940 மார்ச்சில் அக்மதோவா, ஸ்வெட்டாயெவாவை நோக்கி ஒரு கவிதை எழுதினார். அதற்கு அவர் இட்ட தலைப்பின் பொருள் 'தாமதமான பதில்'. 1941 ஜூன் 7, 8ஆம் திகதிகளில் மொஸ்கோவில் இருவரும் சந்தித்தனர். ஆனால் அக்கவிதையை அக்மதோவா வாசித்துக் காட்டவில்லை. அன்புக்குரியவர்களின் இழப்பைச் சொல்லும் ஒரு வரியை, கணவனும் மகளும் சிறையிலிருக்கும் ஒருவர் முன் வாசிக்க அவருக்குத் துணிவு வரவில்லை. பின்னாளில் அதற்காக அவர் வருந்தினார்.

இரு வாரங்களில் ஜேர்மனி படையெடுத்தது. யெலபுகா நகருக்கு இடம்பெயர்ந்த ஸ்வெட்டாயெவா, ஓகஸ்ட் 31இல் உயிரை மாய்த்துக்கொண்டார். தனக்காக எழுதப்பட்ட அந்தப் பதிலை அவர் கேட்கவேயில்லை.

20 ஆண்டுகள் கழித்து, 1961இல், அக்மதோவா எழுதிய கவிதையொன்றின் முகப்பில் ஸ்வெட்டாயெவாவின் வரிகளும் இடம்பெற்றன. அக்கவிதையிலும் அவர் ஸ்வெட்டாயெவாவிடமிருந்து வந்த கடிதத்தையே நினைவுகூர்ந்தார்.