ஓரியூர் மண்ணும் சருகணித் தேரும்

குழந்தை நோயுற்றுக் கிடக்கும் வேளையில், அது தேறி எழுந்தால் தென்னம்பிள்ளை கொண்டுவந்து வைப்பதாக ஓரியூர் அருளானந்தருக்கு நேர்ந்துகொண்டு, தேறியபின் குழந்தையை ஒரு கையிலும் கன்றை மறு கையிலுமாக ஏந்தி, சுற்றத்தாரையும் கூட்டிக்கொண்டு வருகின்ற குடும்பங்களை அவ்வூர்க் கோயில் வெளியில் காணலாம். முடியிறக்குதலும், காது குத்துதலும், கிடாய் வெட்டிச் சமைத்து வந்தவர்க்கெல்லாம் அசனம் இடுதலும் அங்கே நடைபெறுகின்றன. மாரியம்மனுக்கும் ஐயனாருக்கும் எவ்வெவ் விதமாக நேர்த்திக்கடன் செலுத்துவார்களோ, ஏறக்குறைய அவ்விதமாகவே இந்த வேதசாட்சிக்கும் செலுத்துகிறார்கள். பந்தியில் அமர்ந்திருப்போருள் வேதக்காரர் எனப்படும் கிறிஸ்தவர் யார், வீட்டில் நீறு பூசுகிறவர் யார் என்று புதிதாக வந்தவர் எளிதில் பிரித்தறிய இயலாது. திரும்பும்போது ஆளுக்கொரு பிடி செம்மண்ணை முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். அம்மண் சிவந்தது அருளானந்தரின் குருதியால் என்பது அவர்கள் நம்பிக்கை.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை என்று கீழ்த்திசை நோக்கிச் சென்றால், செட்டிநாட்டு மாளிகைகள் பின்தங்கி, கண்மாய்க் கரைகளும் கருவேலங்காடும் பொட்டல்வெளியுமாக விரிந்துகிடக்கும் பழைய மறவர் சீமையில், பாம்பாற்றை அடுத்து இந்த ஓரியூர் அமைந்திருக்கின்றது. அருளானந்தர் என்று தமிழ்மக்கள் வழங்கிய ஜான் தெ பிரிட்டோ 1647-இல் லிஸ்பன் நகரத்தில் உயர்குடியிற் பிறந்து, இயேசு சபையிற் சேர்ந்து, 1673-இல் கோவா வந்திறங்கி, பிறகு மதுரை மிஷனில் ஊழியம் ஏற்றவர். அவருக்கு முன்னரே 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பிராமண சந்நியாசியின் ஆசாரங்களை மேற்கொண்டு உயர்ந்தோர் எனப்பட்டாரிடையே வேதம் போதித்திருந்தார். பிரிட்டோவோ எல்லாக் குடிகளுடனும் கலந்து பழகுவதற்கு இடந்தந்த பண்டாரசுவாமியின் கோலத்தைத் தேர்ந்துகொண்டு, காவி உடுத்து, புலால் நீத்து, ஊர் ஊராகக் கால்நடையாகத் திரிந்தார். கொள்கையைக் கேட்டு மதிப்பிடுவதற்கு முன்னரே கோலத்தையும் ஒழுக்கத்தையும் கண்டு வணங்கும் இயல்புள்ள நம் மக்கள், ஐரோப்பியரான அவரை முதற்கண் ஒரு துறவியாகவே பார்த்தனர். அவர் பேசிய சமயத்துக்குக் கிடைத்த மரியாதையில் பெரும்பகுதி அந்தத் துறவுக்குக் கிடைத்த மரியாதை என்பது என் துணிபு.

அக்காலத்தில் மறவர் சீமையை ஆண்டவர் ரகுநாத கிழவன் சேதுபதி. 1686-இல் பிரிட்டோ ஒருமுறை சிறைப்பட்டு, கடும் சித்திரவதைகளுக்கு ஆளாகி, இராமநாதபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது, சேதுபதி அவரை விடுவித்தே அனுப்பினார். இம்மன்னர் இயல்பிலேயே மதவெறி கொண்டவர் என்று எழுதுவோர் இச்செய்தியை மறந்துவிடுகின்றனர். ஐரோப்பா சென்று திரும்பிய பிரிட்டோவை இரண்டாம் முறை மரணத்திடம் கொண்டுசேர்த்தது ஒரு குடும்ப வழக்கு. அரச குலத்தைச் சேர்ந்தவரும் அரசுரிமைக்கு வழியுடையவருமான தடியத்தேவர், நோய் நீங்கிய நன்றியால் வேதத்திற் சேர முன்வந்தார். மனைவியர் பலரை உடையவர்க்கு ஞானஸ்நானம் இல்லை என்று சொல்லப்பட்டபோது, மூத்தவளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் இளையவள் சேதுபதியின் உறவினள். அவள் அரண்மனைக்குச் சென்று முறையிட்டாள். 1693 ஜனவரி 8-ஆம் தேதி பிரிட்டோ பிடிபட்டார். தம் தலைநகரில் அந்தக் காரியத்தைச் செய்ய மன்னர் தயங்கி, ஓரியூரில் அதிகாரம் செலுத்திய தம்பியிடம் அவரை அனுப்பிவைத்தார். அங்கே சிறையிலிருந்தபடி, மையும் எழுதுகோலும் கிடைக்காமையால் கரியை நீரிற் குழைத்துத் துரும்பினால் தொட்டு எழுதித் தம் சபையாருக்கு விடைபெறும் கடிதம் விடுத்த பிரிட்டோ, மறுநாள் பிப்ரவரி 4-ஆம் தேதி தலை கொய்யப்பட்டார்.

மன்னன் ஆணையாற் கொல்லப்பட்ட ஒருவனை அம்மன்னனின் குடிகளே தெய்வமாக்கி வழிபடுவது நம் நாட்டில் புதுமை அன்று. போரிலோ சூழ்ச்சியிலோ அநீதியாலோ வெட்டுண்டு வீழ்ந்தவர்க்கு நடுகல் நாட்டிப் படையலிட்ட மரபு மறவர் சீமையிற் பல தலைமுறைகளாக வேரோடி நின்றது. ஆகவே உரோமாபுரி அவரை முத்திப்பேறு பெற்றவராக 1853-இல் அறிவித்ததற்கும், பாரதம் விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு 1947 ஜூன் 22-இல் புனிதராகப் பிரகடனம் செய்ததற்கும் வெகுகாலம் முன்னரே, ஓரியூர்ப் பொட்டலில் ஜனங்கள் தங்கள் தீர்ப்பை எழுதிவிட்டனர். இதைச் சமய சமரசம் என்ற பெரிய சொல்லால் அழைக்க எனக்குச் சற்றுக் கூச்சமுண்டு. தென்னம்பிள்ளை கொண்டுவருகிற தாய் எந்தத் தத்துவத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை. தன் பிள்ளையைக் காத்த ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறாள், அதைத் தீர்க்கிறாள், அவ்வளவே.

அரண்மனைகளின் மனப்பான்மையும் ஒரே நிலையில் நிற்கவில்லை. இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனிச் சீமையான சிவகங்கையில், தேவகோட்டைக்குத் தெற்கேயுள்ள சருகணி பதினெட்டாம் நூற்றாண்டில் மறவர் மிஷனுக்குத் தலைமை இடம்போல் விளங்கிற்று. சின்னச் சவேரியார் என்று மக்கள் அன்போடு அழைத்த ரோஸி பாதிரியார் அங்கே நெடுங்காலம் உழைத்து அங்கேயே அடக்கமானார். குன்றக்குடிக் குமரனுக்கும் காளையார்கோவில் ஈசனுக்கும் திருப்பணி செய்தவர்களும் சிவகங்கையை ஆண்டவர்களுமான மருதிருவர், சருகணிச் சர்வேசுரன் கோயிலுக்கும் மானியம் விட்டனர் என்பதைச் சிவகங்கைச் சரித்திரம் எழுதியோர் குறிப்பிடத் தவறுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரையில் தம் எல்லைக்குள் இருந்த ஒரு கோயில், எந்தத் தெய்வத்தினது ஆயினும், அரசனது கொடைக்கு உரிமையுடையது. கொடுப்பது அரச தர்மம். சருகணியிலும் பாஸ்குத் திருநாளில் தேரோடுகிறது. நம் ஊர்த் தேர்களைப் போலவே வடம், முட்டுக்கட்டை, மாலை என்று சகல சம்பிரதாயங்களோடும் ஓடுகிற அத்தேரை இழுக்கும் கைகளில் வேதக்காரர் அல்லாதவர் கைகளும் உண்டு.

தேர் இருக்குமிடத்தில் முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்வியும் இருக்கும். இச்சீமையின் வேதக்கோயில்களில் பரிவட்டமும் முதற்சந்தனமும் வடம் தொடும் உரிமையும் ஊரின் அந்தஸ்தை அளக்கும் அளவுகோல்களாக இருந்தமையால், அவற்றுக்காகச் சண்டைகளும் வழக்குகளும் மூண்டிருக்கின்றன. தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் ஞானஸ்நானம் பெற்ற பின்னும் கோயிலில் வேறிடத்திலும் கல்லறையில் வேறு மூலையிலும் வைக்கப்பட்டதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக ஆலயத்தின் நடுவே நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஊரார் ஒரு சமயத்துக்கு அளித்த மரியாதை, அச்சமயத்தார் தமக்குள் ஒருவர்க்கொருவர் அளிக்க மறுத்த மரியாதையோடு பக்கம் பக்கமாகவே வாழ்ந்து வந்திருக்கிறது.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டமையால் மிஷன் தளர்ந்தது. 1838 முதல் மீண்டும் பிரெஞ்சுப் பாதிரிமார் வந்தனர். அவர்களுள் ஒருவரான செல் சுவாமி, மானாமதுரைக்கு அருகே இடைக்காட்டூரில் ரீம்ஸ் நகரப் பேராலயத்தின் பாணியில் எழுப்பிய திரு இருதய ஆலயம் 1894-இல் நிறைவெய்திற்று. கரிசற்காட்டின் நடுவே கோதிக் கோபுரங்கள் எழுந்து நிற்பதைக் கண்டு வியப்போர், அதே காலத்தை ஒட்டி நகரத்தார் இத்தாலியச் சலவைக்கல்லையும் பெல்ஜியக் கண்ணாடியையும் கப்பலேற்றி வந்து வறண்ட நிலத்தில் மாளிகைகள் எடுத்ததையும் நினைத்துக்கொள்ளலாம். அந்நகரத்தாரோ ஒன்பது கோயில்களை முன்னிட்டுத் தம் குலப்பிரிவையே வகுத்துக்கொண்ட தீவிரச் சைவர். வேதத்திற் சேர்ந்தவர் அவர்களில் அரியர். ஆயினும் தேவகோட்டையில் இயேசு சபையார் தொடங்கிய தெ பிரிட்டோ பள்ளிக்கூடத்துக்குத் தம் பிள்ளைகளை அனுப்புவதில் அவர்களுக்குத் தடையிருந்ததில்லை. நெற்றி நிறைய நீறிட்ட சிறுவர்கள், ஓரியூரில் வெட்டுண்டவரின் பெயர் பொறித்த பள்ளியில் இலக்கணமும் கணக்கும் பயின்றனர். வட்டிக் கணக்கில் வல்லவரான தந்தையர், பாதிரிமாரின் கண்டிப்பையும் நல்ல முதலீடாகவே கருதியிருப்பர்.

செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் 1927-இற் பிறந்த கண்ணதாசன் இக்கதையில் எதிர்பாராத இடத்தில் வந்து சேர்கிறார். நகரத்தார் குடியிற் பிறந்து, பகுத்தறிவு இயக்கத்திற் சேர்ந்து தெய்வங்களைச் சாடிப் பேசி, பின்னர் மனம் திரும்பி அர்த்தமுள்ள இந்துமதம் எழுதிய அவர், வாழ்வின் கடைசிப் பகுதியில் திருச்சியிலிருந்த கத்தோலிக்கக் கலைநிறுவனமான கலைக்காவிரியின் வேண்டுகோளை ஏற்று இயேசு காவியம் பாடினார். 1981 அக்டோபரில் அவர் மறைய, நூல் 1982-இன் தொடக்கத்தில் வெளிவந்தது. நம்பாதவனாய் இருந்து நம்புகிறவனாய் ஆன ஒருவன், தன்னுடையதல்லாத நம்பிக்கையைப் பாடுகையில் அதைச் சிறுமைப்படுத்தவும் இல்லை, தன்னுடையதென்று பாசாங்கு செய்யவும் இல்லை. கிறிஸ்தவர் அதனைத் தம் நூலாகவே ஏற்றுக்கொண்டனர்.

அதே 1982-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில், பகவதி கோயில் கொடைவிழாவை ஒட்டி இந்துக்களுக்கும் கத்தோலிக்க மீனவர்க்கும் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மக்கள் நெடுங்காலமாக உண்டாக்கி வைத்திருந்த இணக்கம் எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதைத் தமிழகம் அன்று கண்டது. அமைதி காணச் சென்றவர்களுள் முன்னின்றவர், காரைக்குடிக்கு அடுத்த குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்தின் தலைவர் தவத்திரு அடிகளார். சைவ மடாதிபதியொருவர் தம் மடத்தை விட்டிறங்கிக் கடற்கரைக் குப்பங்களிலே கத்தோலிக்க மீனவரிடம் நேரிற் சென்று பேசியது, மடங்களின் பழைய ஆசாரத்திற்குப் பொருந்துமா என்று முணுமுணுத்தவர் உண்டெனில் வியப்பில்லை. அடிகளார் அதைப் பொருட்படுத்தக் கூடியவர் அல்லர். பூட்டிய வீட்டுக்குள் அமர்ந்து நல்லிணக்கம் பேசுவதில் பயனில்லை என்று கண்ட அவர், மூன்று சமயத்தாரும் சேர்ந்து இயங்கும் திருவருட் பேரவையைத் தோற்றுவித்து, பாதிரிமாரையும் இஸ்லாமியப் பெரியவர்களையும் அருகமர்த்திக்கொண்டு, சச்சரவு எழுந்த ஊர்களுக்கெல்லாம் தாமே சென்று பேசி வந்தார்.