அப்புத்தளை: வான்வழித் தூரமும் பயண நேரமும்

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீட்டர் உயரத்தில், இரு பக்கமும் சரிந்திறங்கும் ஒடுங்கிய மலைமுகட்டில் அமைந்த நகரம் அப்புத்தளை. இங்கு விமான நிலையம் இல்லை. நேர்கோட்டில் அளந்தால் மத்தல விமான நிலையம் சுமார் 57 கி.மீ., இரத்மலானை 119 கி.மீ., கட்டுநாயக்க 128 கி.மீ. தொலைவில் உள்ளன. கடலுக்கு அப்பாலுள்ள திருச்சிராப்பள்ளி நிலையமும் 510 கி.மீ.க்குள்தான்.

வான்வழித் தூரம் என்பது இரு இடங்களின் அகலக்கோடு, நெடுங்கோடுகளைக் கொண்டு, பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியாகக் கணிக்கப்படுவது. அதை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடாது. திருச்சியிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 420 கி.மீ.; மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரத்துச் சங்கதி. ஆனால் அட்டவணை ஒரு மணி நேரம் என்கிறது. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரை அதில் அடங்கும். இவ்வளவு குறுகிய பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பங்கு. முழு வேகத்தில் பறக்கும் நேரம் கொஞ்சம்தான்.

மிக அருகிலிருக்கும் மத்தல நிலையம் 2013 மார்ச் 18 அன்று 3,500 மீட்டர் ஓடுபாதையுடன் திறக்கப்பட்டது. அப்புத்தளை முகட்டில் நின்றால், மேகம் இல்லாத நாளில் அது இருக்கும் தெற்குச் சமவெளி காலடியில் விரிந்து கிடக்கும். சாலையோ பெரகலை, கொஸ்லாந்தை, வெல்லவாய என்று வளைந்து இறங்கி 100 கி.மீ.யைத் தாண்டிவிடும். அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் ஏறுவதற்கு விமானம் இருப்பது அரிது. 2018 இல் ஃபிளைதுபாய் விமான நிறுவனம் விலகியபின் அங்கு வழக்கமான சர்வதேசச் சேவை நிலைக்கவில்லை. ஆகவே இந்தத் தேயிலைத் தோட்டப் பகுதி மக்களுக்கு விமான நிலையம் என்றால் கட்டுநாயக்கதான்.

கட்டுநாயக்கவுக்கு அருகிலுள்ள கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வேனில் அப்புத்தளை வர ஐந்து மணி நேரமாவது வேண்டும். புகையிரதத்தில் சுமார் 247 கி.மீ.; கண்டி மலைகளைச் சுற்றி, 1,891 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொலைக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி வர எட்டு ஒன்பது மணி நேரம். 1893 இல் அப்புத்தளையை எட்டிய இருப்புப்பாதை 1924 இல்தான் பதுளை சேர்ந்தது. மண்சரிவு நேர்ந்தால் எந்தக் கணக்கும் செல்லாது.

மலையகத் தமிழரின் தமிழகப் பயணம் நெடுங்காலம் கடல்வழியாகவே நடந்தது. 1914 முதல் தலைமன்னார் வரை புகையிரதம், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்துக்குப் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களும், 1984 இல் கப்பல் நிற்கும் வரை, இந்த வழியிலேதான் சென்றன. எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்றே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்துவிட்டது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் வாழ்ந்தவருக்கு அதன் கட்டணம் எட்டாத உயரம்.

பழைய விமான அட்டவணைகளைப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1996 மே மாதம் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இந்தியாவுக்கு முந்தி ஓடியது. முதல் சில மாதங்கள் ஒரு மணி நேரம், பிறகு அரை மணி நேரம். அக்காலத்தில் திருச்சியிலிருந்து வருவது நீண்ட பயணமாகவும் திரும்பிப் போவது குறுகியதாகவும் அட்டவணையில் தெரியும். இப்போது இரு நாட்டுக்கும் ஒரே நேரம்.