அம்பாவும் சேர்ந்திசையும்

பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை அமைக்கக் கற்றுக்கொடுப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது? நம்மிடம் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வலை இழுக்கும் வேலையோடு பிறந்த அம்பாப் பாட்டு. மற்றொன்று, இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயர் வழியே வளர்த்த பலகுரல் இசை.

அம்பாவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ, ஐலசா என்று வாங்கிப் பாடுவார்கள். அடி எவ்வளவு நீளம் என்பதை இழுவை முடிவுசெய்கிறது. முன்பாட்டுக்காரர் சொல்லை அங்கேயே கட்டுகிறார். கூட்டம் வாங்கிப் பாடும் அந்தச் சில நொடிகள்தான் அடுத்த அடிக்கு அவருக்குக் கிடைக்கும் அவகாசம். இசையமைக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. முகத்துவாரம் மணல்மூடிப் படகு கடலுக்குள் போகமுடியாத நாளைப் பற்றி ஒரு மாணவி ஓரடி சொன்னால் போதும். வகுப்பு அதை வாங்கிக்கொள்ளும், அடுத்த அடி அடுத்த பிள்ளைக்கு. பழவேற்காடு ஏரியில் மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முறைக்குக் காத்திருப்பது புதிதல்ல.

சீனிவாசன் பாரதி பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்து அமைத்தார். சேர்ந்திசையைப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனவர். அவர் வழியில் மாணவர் கைக்கு வருவது அமைத்து முடித்த பாட்டு. சொல்லும் மெட்டும் அவர்களுடையவை அல்ல. ஆனால் பக்கத்துக் குரலைக் கேட்டுக்கொண்டே தன் வரியை விடாமல் பிடிப்பதை அது கற்றுத்தருகிறது. எல்லாரும் ஒரே மெட்டைப் பாடும் அம்பாவில் அதற்கு இடமில்லை.

ஆகவே அம்பா முதலில், இரண்டாம் குரல் பிறகு. அதற்கு மோகனம் ஏற்ற ராகம். ச, ரி, க, ப, த என்ற அந்த ஐந்தில் எந்த இரண்டுக்கும் நடுவே அரைச்சுர நெருக்கம் இல்லை. எவை சேர்ந்து ஒலித்தாலும் காதை உறுத்துவது அரிது. ச-க-ப சேர்க்கையும் உள்ளேயே கிடைக்கிறது. பிள்ளைகள் பயமில்லாமல் இரண்டாம் வரியைத் தேடலாம். பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பையன்களை ஒதுக்கவேண்டாம். கீழே ‘ச’வைப் பிடித்து நிற்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம்.

சுரம் எழுதுவது கடைசியில் வரட்டும். முதலில் எழுதவைத்தால், எழுதத் தெரிந்த இரண்டு பேர் மட்டுமே அமைப்பார்கள். அவசரம் வேறோரிடத்தில் இருக்கிறது: என்ஜின் படகுகள் வந்தபின் கூடி இழுக்கும் வேலை குறைந்து, அம்பாவும் குறைந்துவிட்டது. அடியெடுத்துக் கொடுக்கத் தெரிந்த பெரியவர்களைத் தேடி, முதல் வகுப்பிலேயே ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும்.