கோயம்புத்தூர்: பஞ்சாலை நகரின் இலக்கியமும் ஊர் வரலாறும்

கோயம்புத்தூர், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த கொங்கு நாட்டு நகரம். கோவன் என்னும் தலைவன் காடு திருத்தி எழுப்பிய புத்தூர் கோவன்புத்தூர் எனப்பட்டு, நாளடைவில் கோயம்புத்தூர் ஆயிற்று; பேச்சு வழக்கில் கோவை. ஊரை விடப் பழையது அதன் மேற்கே உள்ள பேரூர். பட்டீசுவரர் கோயிலும் அதன் கல்வெட்டுகளும் அங்கே உள்ளன. தென்கிழக்கே வெள்ளலூரில் ரோமானிய வெள்ளி நாணயங்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. மேலைக்கடற்கரையிலிருந்து கணவாய் வழியாகக் கொங்கின் உள்நாட்டுக்கு வந்த வணிகப் பாதை இந்த ஆற்றை ஒட்டியே சென்றது. திப்பு வீழ்ந்த மறு ஆண்டான 1800 இல் பிரான்சிசு புக்கானன் இவ்வழியே வந்து பயிர், நெசவு, வரி ஆகியவற்றைக் குறித்து வைத்தார். 1804 இல் ஊர் மாவட்டத் தலைநகராகவும் 1866 இல் நகராட்சியாகவும் ஆனது. நகராட்சியின் முதல் தலைவர் காப்பி வணிகர் இராபர்ட் ஸ்டேன்ஸ்.

அதே ஸ்டேன்ஸ் 1888 இல் தொடங்கிய நூற்பு நெசவு ஆலையே நகரின் முதல் பஞ்சாலை. கரிசல் மண்ணின் பருத்தி அருகிலேயே கிடைத்தது. 1910 இல் குப்புசாமி நாயுடுவின் லட்சுமி மில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்ததும் ஆலைகள் பெருகின. கடிகாரம் இல்லாத வீடுகளுக்கு மில் சங்கே மணி சொன்னது.

நகரின் இலக்கிய வாழ்வு ஆலைக்குள் பிறக்கவில்லை. வழக்கறிஞர்களின் வீட்டுத் திண்ணைகளில் பிறந்தது. சி. கே. சுப்பிரமணிய முதலியார் (1878–1961) பகலில் வழக்காடினார். பெரியபுராணத்துக்கு ஏழு தொகுதிகளில் பேருரை எழுதினார். அவ்வுரையின் விரிவை இன்றுவரை வேறெந்த உரையும் எட்டவில்லை. 1908 முதல் 1910 வரை வ. உ. சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தபோது அவருக்குத் துணை நின்றவரும் இவரே.

ஊர் வரலாற்றைத் தன் வாழ்வாக்கிக்கொண்டவர் மற்றொரு வழக்கறிஞரான கோ. ம. இராமச்சந்திரன் செட்டியார். முதல் பஞ்சாலை தொடங்கிய 1888 ஆம் ஆண்டே அவர் பிறந்தது. கோவைகிழார் என்ற பெயரில் எழுதினார். அவருடைய ‘கொங்கு நாட்டு வரலாறு’ 1954 இல் வெளிவந்தது. கல்வெட்டு, செப்பேடு, தலபுராணம் ஆகியவற்றோடு ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் சான்றாகக் கொள்ளத் தயங்காதவர் அவர். ‘இதுவோ எங்கள் கோவை’ என்ற சிறு நூல் அவருடைய பெரிய நூலை விட இன்று அதிகம் பயன்படுகிறது. தெருவும் குளமும் சந்தையும் எப்படி இருந்தன என்பதைச் சொல்ல அதை விட்டால் வேறு நூல் அரிது.

புனைகதையில் முதல் பெரும் பெயர் ஆர். சண்முகசுந்தரம் (1917–1977). 1942 இல் வந்த ‘நாகம்மாள்’, கைம்பெண் ஒருத்தி தன் நிலப்பங்கைக் கேட்பதால் மூளும் பகையைச் சொல்கிறது. பாத்திரங்கள் கொங்குப் பேச்சிலேயே பேசுகின்றன. வட்டார நாவல் என்ற வகை தமிழில் இதிலிருந்தே தொடங்குகிறது. பின்னாளில் சி. ஆர். ரவீந்திரனும் சூர்யகாந்தனும் அதே மண்ணை எழுதினர். திரைத்துறையும் எழுத்தாளர்களை இழுத்து வந்தது. சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட ‘ராஜகுமாரி’ (1947) படத்துக்கு வசனம் எழுத வந்த மு. கருணாநிதி சிங்காநல்லூரில் குடியிருந்தார்.

தமிழகம் முழுதும் கோவையைக் கவனிக்க வைத்தது வானம்பாடி கவிதை இயக்கம். 1971 அக்டோபரில் அதன் முதல் இதழ் வந்தது. அது விலைக்கு விற்கப்படவில்லை. ‘விலையிலாக் கவிமடல்’ என்று தன்னை அழைத்துக்கொண்டு கைக்குக் கை சென்றது. முல்லை ஆதவன், புவியரசு, ஞானி, சிற்பி, அக்னிபுத்திரன், சக்திக்கனல், மு. மேத்தா எனப் பலர் சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழாசிரியர்களும் மாணவர்களும். 1973 இல் ‘வெளிச்சங்கள்’ தொகுப்பு வந்தது. இவர்கள் கவிதை வெறும் முழக்கம் என்றனர் ‘எழுத்து’ இதழ் வழி வந்த விமரிசகர்கள். ஆனால் தொழிற்சங்கக் கூட்டங்களில் நின்று கேட்டுப் பழகிய நகரில், உரக்கப் படிக்கும் கவிதை பிறந்தது இயல்பு. அதுவே அதன் வலிமை. இயக்கத்துக்குக் கருத்து வலு தந்த ஞானி (1935–2020) பார்வை இழந்த பின்னும் பிறர் வாசிக்கக் கேட்டு ‘நிகழ்’ போன்ற இதழ்களை நடத்தினார். மேத்தா, சிற்பி, புவியரசு மூவரும் பின்னர் சாகித்திய அகாதெமி விருது பெற்றனர்.

எழுத்தாளர் நாஞ்சில் நாடன் இங்கே குடியேறி எழுதிவருகிறார். 2010 முதல் விஷ்ணுபுரம் இலக்கிய விருது விழா இங்கே நடக்கிறது. ஆண்டுதோறும் கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா உண்டு.

ஆலைத்தளம் மட்டும் இலக்கியத்தில் போதிய இடம் பெறவில்லை. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த இராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நால்வரும் 1946 சனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களின் நினைவைத் தொழிற்சங்கங்கள் காத்த அளவுக்கு நாவல்கள் காக்கவில்லை. இரா. முருகவேளின் ‘முகிலினி’ பவானிக்கரை விஸ்கோஸ் ஆலையை எழுதியது. நகருக்குள் இருந்த நூற்பாலைகளுக்கு அப்படியொரு நூல் வேண்டும். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கோவை ஆலைகள் 2020 ஊரடங்கில் நின்றன. அவற்றில் முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில்லும் ஒன்று.