வலிப்பு நோயும் ஏர்வாடியும்: 2001 ஆம் ஆண்டு நடந்த இரண்டு

இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைக்கு அருகே கடலோரமாக உள்ள ஊர் ஏர்வாடி. இங்குள்ள சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீது பாதுஷா தர்காவுக்கு, நோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல மதத்தினரும் வருகின்றனர். அதிலும் மனநலம் குன்றியவர்கள் அதிகம். தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் பல தோன்றின. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அவற்றுள் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. ஒரு வாரத்தில் அந்த விடுதிகள் மூடப்பட்டன.

அதே 2001 இல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கைக்குழந்தைப் பருவத்திலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு, கடும் வலிப்பு தொடங்கும் நோய் ஒன்று உண்டு. 1978 இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் சார்லட் டிராவே பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அந்நோய் உள்ள 7 பேரை ஆராய்ந்ததில் ஏழு பேருக்கும் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பழுது இருந்தது.

நரம்பு செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயில் ஒன்றை அமைப்பது இந்த மரபணு. நம்மிடம் இதன் பிரதிகள் இரண்டு உண்டு. ஒன்று கெட்டால் வாயில்கள் பாதியாகக் குறையும். அப்படியானால் மூளையின் வேகம் குறையத்தானே வேண்டும், வலிப்பு ஏன் வருகிறது? இந்த வாயிலை அதிகம் நம்பியிருப்பவை மற்ற செல்களை அடக்கி வைக்கும் நரம்பு செல்கள் என்று 2006 இல் எலிகளில் கண்டறிந்தனர். அதாவது பலவீனமாவது பிரேக். சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமாசெபின் போன்ற வழக்கமான மாத்திரைகள் இவர்களுக்கு நோயைக் கூட்டிவிடுவதும் இதனால்தான்.

எல்லா வலிப்புக்கும் மரபணு காரணம் அல்ல. தலைக்காயம், பிரசவத்தில் ஆக்சிஜன் குறைவு, மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டி எனக் காரணங்கள் பல. சிலருக்கு மரபணு நேரடிக் காரணம். வேறு சிலருக்கு அபாயத்தைக் கூட்டுவதோடு சரி.

மரபணு என்றதும் "குடும்ப நோய்" என்று முடிவு கட்டி, தாய் வழியைக் குறை சொல்வது நம் ஊர் வழக்கம். ஆனால் அந்த 7 பேரின் பழுதும் பெற்றோரிடம் இல்லை, புதிதாகத் தோன்றியது. இதை அறியாத காலத்தில் சட்டமே தடையாக நின்றது. அடிக்கடி வலிப்பு வருவோர் இந்து திருமணச் சட்டப்படி மணம் செய்யத் தகுதியற்றவர் என்று 1976 திருத்தம் சேர்த்தது. 1999 இல்தான் அந்தச் சொல் நீக்கப்பட்டது.

வலிப்பு மனநோய் அல்ல, மூளையின் மின் ஓட்டம் தாறுமாறாகும் நோய். ஆனாலும் மருத்துவரிடம் போகும் முன் மந்திரிக்கப் போகும் வழக்கம் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. இத்தனைக்கும் வலிப்பைக் கட்டுப்படுத்தும் பீனோபார்பிடோன் 1912 முதலே உண்டு, விலையும் குறைவு.

ஏர்வாடிக்கு இன்றும் மக்கள் வருகின்றனர். பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு பின்னர் தர்காவிலேயே தொடங்கியது. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்தது.